தெராப்பிக்குப் போகும் பிள்ளை ஏன் அழுகிறது?

"தெராப்பிக்குப் போயிட்டு வந்த ராத்திரியெல்லாம் புள்ள தூங்குறதே இல்லீங்க டிரெஸர். ஒரே அழுகை, கையைக் கடிச்சிக்கிறான். அழுதாத்தான் சரியாகும்னு சொல்றாங்களே, மெய்தானா?"

முன்பெல்லாம் நம் கிளினிக்குக்குக் காய்ச்சல், முதுகுவலி, கத்திவெட்டு என்றுதான் வருவீர்கள். இப்போது இந்த மாதிரிக் கேள்வியும் சேர்ந்து வருகிறது. கேட்பது நல்லது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழுகை மருந்தல்ல. அழுதால்தான் குணமாகும் என்பது உண்மையுமல்ல. அதற்காகத் தெராப்பியை நிறுத்திவிடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். தெராப்பி செய்யும் விதம் பிள்ளைக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்கவேண்டும். ஒத்துவரவில்லை என்றால் விதத்தை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. இந்த இதழில் அதைப்பற்றித்தான் பேசப்போகிறோம்.

முதலில் யாரைப்பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ளவர்கள், ஒரு நிமிஷம் ஓரிடத்தில் இருக்கமுடியாத ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள், புத்தி நன்றாக இருந்தும் எழுத்து மட்டும் பிடிபடாத டிஸ்லெக்சியா உள்ளவர்கள், இவர்களுக்கெல்லாம் மூளை வேலை செய்யும் விதமே மற்றவர்களுக்கு இருப்பதுபோல் இல்லை. 'நியூரோடைவர்ஜென்ட்' என்று இப்போது சொல்கிறார்கள். நாம் 'மூளையமைப்பு மாறியவர்கள்' என்று வைத்துக்கொள்வோம். பழைய விதைத் தேயிலைக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. பக்கத்துப் பக்கத்துச் செடி என்றாலும் ஒன்று இலை அகலம், ஒன்று சீக்கிரம் துளிர்க்கும், ஒன்று தாமதம். எல்லாம் தேயிலைதான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்குப்படி 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு. ஐந்நூறு பேர் இருக்கும் ஒரு தோட்டத்தில் மூன்று நான்கு பேராவது இருப்பார்கள் என்று ஆகிறது. அவர்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகள் அல்ல என்பதையும் ஞாபகம் வையுங்கள். பெரியவர்கள் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஒரு வார்த்தை. சில பத்திரிகைகளில் ஆட்டிசத்துக்கு 'மன இறுக்கம்' என்று பெயர் போடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. மனசு இறுகிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டால், அதைத் தட்டித் திறக்கவேண்டும், குலுக்கித் தளர்த்தவேண்டும் என்று ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆட்டிசம் என்றே சொல்லிவிட்டுப் போவோம்.

இந்தப் பெயர் வைத்தியத்தில் நிலைபெற்றது 1943-இல். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் லியோ கேனர் என்ற டாக்டர் பதினொரு பிள்ளைகளைப் பார்த்து விவரமாக எழுதினார். அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்பவரும் எழுதினார். அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். பிள்ளை இப்படி ஆனதற்குத் தாயின் பாசக் குறைவே காரணம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் அதையே ஒரு புத்தகமாகப் போட்டுப் பரப்பினார். எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். இங்கிலாந்தில் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் என்ற இருவர் 21 ஜோடி இரட்டைப் பிள்ளைகளைச் சோதித்து 1977-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. பெரும்பங்கு பிறவியிலேயே வருவது என்பதற்கு அது முதல் சாட்சி. பிறகு வந்த எத்தனையோ ஆராய்ச்சிகள் அதை உறுதிப்படுத்திவிட்டன.

நம் லயத்தில் இன்னும் பெட்டல்ஹைம் சாகவில்லை. "அவ கொழுந்துக் காட்டுக்கு ஓடிட்டா, புள்ளைய ஆயாக் கொட்டகையில போட்டா, அதான் பேச்சு வரல" என்று சொல்லும் பாட்டிமார்கள் இருக்கிறார்கள். கைப்பேசி காட்டியதால் வந்தது என்பார் இன்னொருவர். கைப்பேசி ஆட்டிசத்தைக் கொண்டுவராது. ஆனால் நாள் முழுக்கக் கைப்பேசியோடு இருந்தால் பிள்ளையோடு பேசும் நேரம் குறையும், அது வேறு விஷயம். தடுப்பூசி போட்டதால் வந்தது என்று பயப்படுகிறவர்களும் உண்டு. 1998-இல் வேக்ஃபீல்டு என்ற இங்கிலாந்து டாக்டர் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து அப்படி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். அந்தக் கட்டுரையை 2010-இல் அந்த மருத்துவப் பத்திரிகையே வாபஸ் வாங்கிவிட்டது. அவருடைய டாக்டர் பதிவும் அதே ஆண்டு ரத்தானது. ஊசியைத் தவறவிடாதீர்கள். தட்டம்மை வந்தால் அது விளையாட்டல்ல.

சரி, தெராப்பிக்கு வருவோம்.

1960-களில் அமெரிக்காவில் ஐவர் லோவாஸ் என்பவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். சொன்னதைச் செய்தால் பிள்ளைக்கு ஒரு மிட்டாய், செய்யாவிட்டால் தண்டனை. உரக்க அதட்டுவார்கள், தொடையில் அடிப்பார்கள், அந்தக் காலத்தில் மின்சாரம்கூட வைத்திருக்கிறார்கள். 1987-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில் 19 பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம் பயிற்சி. வாரம் 40 மணி என்றால் நமக்கே ஒரு வார வேலை, மூன்று வயசுப் பிள்ளைக்கு யோசித்துப் பாருங்கள். அதில் ஒன்பது பேர் மற்றப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள் என்று எழுதினார். உலகமெல்லாம் அந்த முறை பரவியது. அடி உதையெல்லாம் பெரும்பாலான இடங்களில் பிறகு நின்றுவிட்டது. ஆனால் 'மற்றவர்கள் மாதிரி ஆக்குவது' என்ற குறி மட்டும் இன்னும் பல இடங்களில் மாறவில்லை. கையை உதறாதே, கண்ணைப் பார், ஆடாமல் உட்கார்.

இதை முதலில் எதிர்த்துப் பேசியவர்கள் டாக்டர்கள் அல்ல. ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்களே பேசினார்கள். 1993-இல் ஜிம் சின்கிளேர் என்ற அமெரிக்கர் பெற்றோர்களைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று எழுதினார். 1998-இல் ஆஸ்திரேலியாவில் ஜூடி சிங்கர் என்ற பெண்மணி 'நியூரோடைவர்சிட்டி' என்ற சொல்லைத் தம் ஆய்வேட்டில் எழுதினார். சின்ன வயசில் கையைக் கட்டிப்போட்ட பயிற்சி எங்களுக்கு என்ன செய்தது தெரியுமா, உள்ளே இருப்பதை மறைத்து வெளியே நடிக்கக் கற்றுக்கொடுத்தது என்று பலர் சொன்னார்கள். அப்படி வருஷக்கணக்கில் நடிப்பவர்களுக்கு மனச்சோர்வும் சாகவேண்டும் என்ற எண்ணமும் கூடுதலாக இருப்பதை ஆராய்ச்சிகளும் காட்டுகின்றன.

கையை ஏன் உதறுகிறான்? நீங்கள் ஒரு கவலையில் இருக்கும்போது காலை ஆட்டுவதில்லையா, வெற்றிலை போடுவதில்லையா? அவனுக்குக் கை உதறல் அந்த மாதிரி. சத்தம் தாங்கவில்லை, சந்தோஷம் தாங்கவில்லை, அப்போது உடம்பு தன்னைத்தானே சமாதானம் பண்ணிக்கொள்கிறது. அதைப் பிடித்து நிறுத்தினால் உள்ளே இருப்பது வேறு வழியாக வரும். ராத்திரி அழுகை பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் மட்டும் தடுக்கவேண்டும். தடுத்துவிட்டு, ஏன் என்று தேடவேண்டும்.

கண்ணைப் பார்க்கச் சொல்வதும் அப்படித்தான். ஆட்டிசமுள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள்: "கண்ணைப் பார்த்தால் காது கேட்காது. எதைச் செய்யவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்." நம் ஊரிலேயே பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் தலைகுனிந்து கேட்பதுதானே மரியாதை? வெள்ளைக்காரர்கள் எழுதிய பாடத்தில் கண்ணைப் பார்ப்பது பெரிய காரியமாக இருந்தது, அப்படியே இறக்குமதி செய்துவிட்டோம்.

தெராப்பிக்காரரிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "ஐயா, இந்தப் பயிற்சி முடிஞ்சா எம் புள்ளைக்கு என்ன லாபம்?" மரியாதையாகக் கேளுங்கள். நல்லவர்கள் கோபப்படமாட்டார்கள். கக்கூசுக்குப் போகவேண்டும் என்று காட்டத் தெரியவேண்டும், வயிறு வலித்தால் வலிக்கிறது என்று காட்டத் தெரியவேண்டும், சட்டையைத் தானே போடவேண்டும் என்றால் அது பிள்ளைக்கு லாபம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துச் சிரிக்காமல் இருக்கவேண்டும் என்றால் அது யாருக்கு?

எல்லாவற்றுக்கும் முன்னால் கற்றுக்கொடுக்கவேண்டிய வார்த்தை 'வேண்டாம்' என்பதே என் அபிப்பிராயம். வாயால் வராவிட்டால் கையால், ஒரு படத்தால். சொன்னதெல்லாம் செய், தொட்டால் தொடவிடு என்று மட்டும் பழக்கிய பிள்ளையை நாளைக்கு ஒரு கெட்டவன் தொட்டாலும் அது பேசாமல் நிற்கும். இந்தப் பிள்ளைகளிடம் வம்பு செய்கிறவர்கள் அதிகம் என்பது தாய்மார்களுக்குத் தெரிந்த விஷயந்தான். பிள்ளை 'வேண்டாம்' என்று காட்டினால் அந்த இடத்தில் பயிற்சியை நிறுத்துகிறாரா என்று கவனியுங்கள். நிறுத்துகிறவரிடம் பிள்ளையை நம்பி விடலாம்.

படத்தைக் காட்டிப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. படமோ, சைகையோ, கைப்பேசியில் இருக்கும் பேசும் பொத்தான்களோ பேச்சைத் தடுப்பதில்லை என்று பல ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, அதில் உங்கள் வீட்டுக் கோப்பை, கக்கூசுக் கதவு, ஊஞ்சல் இவற்றின் போட்டோவை ஒட்டுங்கள். கடையில் விற்கும் அட்டையில் இருக்கும் வெள்ளைக்காரன் வீட்டுக் கக்கூசு நம் பிள்ளைக்கு எதற்கு?

பாஷை விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வரும். "வீட்டில் ஒரே பாஷை பேசுங்கள், இங்கிலீஷோ மலாயோ மட்டும் பேசுங்கள், தமிழை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் குழம்பிவிடுவான்" என்று சில பெற்றோருக்கு யாரோ சொல்லி அனுப்புகிறார்கள். தாய்க்கோ தமிழ் தவிர வேறு சரியாக வராது. என்ன ஆகிறது? வீட்டில் பேச்சே நின்றுபோகிறது. பாட்டி வாயை மூடிக்கொள்கிறாள். அம்மா தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறாள், "கம், சிட், ஈட், நோ". இரண்டு பாஷை கேட்டு வளர்வதால் ஆட்டிசமுள்ள பிள்ளையின் பேச்சு கெடுவதில்லை என்பதுதான் இதுவரை வந்த ஆராய்ச்சிகளின் முடிவு. உங்களுக்கு எந்தப் பாஷையில் கொஞ்ச வருகிறதோ அதில் கொஞ்சுங்கள். தாலாட்டும் அதில் பாடுங்கள்.

அடுத்தது தூரம். ஈப்போவுக்கோ தாப்பாவுக்கோ போய் வருவதென்றால் ஒரு நாள் சம்பளம் போகிறது. சிம்பாங் பூலாய் ரோடு ஆனாலும் சரி, தாப்பா ரோடு ஆனாலும் சரி, வளைவுக்கு வளைவு வாந்தி. வாந்தியெடுத்துச் சோர்ந்து வந்த பிள்ளையை உடனே நாற்காலியில் உட்காரவைத்தால் அவன் என்ன செய்வான்? முடிந்தவரை பதினொரு மணிக்கு மேல் நேரம் கேளுங்கள். முக்கால் மணி முன்னதாகப் போய் வெளியே மரத்தடியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகு உள்ளே கூட்டிப்போங்கள். கேமரன் மலைக்காரர்கள் என்று சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

மாதம் ஒரு தடவை, இரண்டு தடவை போய் வந்து என்ன ஆகப்போகிறது என்று மனசு விட்டுவிடாதீர்கள். இங்கேதான் நமக்கு நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. இந்தியாவில் கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் 2013-இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். அதன் முடிவு 2016-இல் வெளிவந்தது. இரண்டு வயசு முதல் ஒன்பது வயசுவரை உள்ள ஆட்டிசமுள்ள பிள்ளைகள் 65 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். மீதிப் பேருக்கு வழக்கமானதோடு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு மாதத்தில் பன்னிரண்டு தடவை சந்திப்பு. சந்தித்தவர்கள் பெரிய நிபுணர்கள் அல்ல. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரணச் சுகாதார ஊழியர்கள், நம்மைப்போன்றவர்கள்.

அவர்கள் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கவில்லை என்பதுதான் விசேஷம். தாயும் பிள்ளையும் சில நிமிஷம் விளையாடுவார்கள், அதை வீடியோ எடுப்பார்கள். பிறகு தாயும் ஊழியரும் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். "பாருங்கம்மா, இந்த இடத்தில அவன் மூடியை உருட்டுறான். நீங்களும் பேசாம ஒரு மூடியை உருட்டினீங்க. அப்ப அவன் திரும்பிப் பார்த்தான் பாருங்க." இவ்வளவுதான். பிள்ளை எதைக் கவனிக்கிறதோ அதைப் பின்பற்றி, அதைப்பற்றியே இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, காத்திருப்பது. கேள்விமேல் கேள்வி கேட்பதில்லை. வீட்டில் தினமும் அரை மணி இதையே செய்வது. முடிவில் தாய்மார்கள் பிள்ளையோடு ஒத்துப்போவதும், பிள்ளைகள் தாங்களாகவே தாயிடம் வருவதும் கூடியிருந்தது. எல்லாமே கூடியது என்று சொல்லமாட்டேன். தாயும் பிள்ளையும் ஒரே பொருளை இருவருமாகக் கவனிக்கும் நேரம் எதிர்பார்த்ததுபோல் கூடவில்லை, குறைந்தது. ஆனாலும் அதட்டல் இல்லை, அழுகை இல்லை, மிட்டாயும் இல்லை. லயத்து வீட்டு முன்வாசலில் செய்யக்கூடியது. வீடியோவுக்கு உங்கள் கைப்பேசி போதும்.

தமிழ்நாட்டிலும் ஓர் இடம் சொல்கிறேன். தென்காசிப் பக்கம் ஆய்க்குடி என்ற கிராமம். எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் என்ஜினியரிங் படிக்கும்போது, 1975-இல், கப்பற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனார். அவர் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பிறகு தசை நோயால் சக்கர நாற்காலியில் இருக்கும் சங்கரராமன் என்ற கணக்காய்வாளரும் சேர்ந்தார். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. அங்கே என்ன செய்கிறார்கள் என்றால், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறார்கள். பெரிய தெராப்பிஸ்டுகள் தூரத்தில் இருந்துகொண்டு கருவி வழியாக மேற்பார்வை பார்க்கிறார்கள். பிள்ளை தன் பாயில், தன் பாட்டி மடியில் இருக்கிறது. தெராப்பி அதைத் தேடி வருகிறது. இப்படிப்பட்ட ஏற்பாடு மலைத்தோட்டங்களுக்கு ஏன் கூடாது என்று சங்கக் கூட்டத்தில் ஒருவராவது எழுந்து கேட்கலாம்.

இனி வீட்டில், கிளினிக்கில் நாமே செய்யக்கூடியவை. நம் ஊர்க் குளிருக்கு ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. ஆனால் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு உல்லன் பட்டால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். கழற்றி எறிவான், நீங்கள் அடிப்பீர்கள், அவன் அலறுவான். உள்ளே பழைய பருத்திச் சட்டை, கழுத்தில் இருக்கும் லேபலை வெட்டிவிடுங்கள். மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் சிலருக்குப் பைத்தியம் பிடிப்பதுபோல் ஆகிவிடும். கூரைக்கு அடியில் இல்லாமல் மேசைக்கு அடியில் போர்வை போட்டு ஒரு குகை மாதிரி செய்துகொடுங்கள். தைப்பூசத்துக்குக் கூட்டிப்போகவேண்டுமா, விடியற்காலையில் கூட்டம் சேருமுன் போய் விபூதி வாங்கிக்கொண்டு மேளம் வருமுன் திரும்பிவிடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ளமாட்டான்.

எதையும் திடீரென்று செய்யாதீர்கள். "நாளைக்கு ஊசி" என்பதை ஏமாற்றி "கடைக்குப் போறோம்" என்று கூட்டிவந்தால், அடுத்த தடவை கடைக்கே வரமாட்டான். கிளினிக் கதவு, என் நாற்காலி, ஊசி, திரும்பிப் போகும் வழி, இந்த நான்கையும் போட்டோ எடுத்து வரிசையாகக் காட்டுங்கள். முதல் தடவை சும்மா வந்து ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும். ஊசி இரண்டாம் தடவை.

இன்னொன்று மிக முக்கியம். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று தலையை முட்டிக்கொள்கிறது, கடிக்கிறது, சாப்பாட்டைத் தள்ளுகிறது என்றால், ஆட்டிசம் முற்றிவிட்டது என்று நினைத்துப் பூசாரியிடமோ தெராப்பிக்கோ ஓடுமுன் இங்கே கொண்டுவாருங்கள். காதில் சீழ், பல்லில் சொத்தை, நாலு நாள் மலச்சிக்கல், இந்த மூன்றையும் முதலில் பார்த்துவிடுவேன். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு முட்டிக்கொள்வதுதான் வாய். சாமி கயிறு கட்டுவதை நான் குறை சொல்லவில்லை, மனசுக்கு ஆறுதல். புகை போடுவது, மிளகாய் தூவுவது, சாட்டை எடுப்பது மட்டும் கூடாது. அதேபோல் இணையத்தில் 'ஆட்டிசத்துக்கு மருந்து' என்று சொல்லி விற்கும் சொட்டு மருந்துகளில் சில, துணி வெளுக்கும் பிளீச் வகையைச் சேர்ந்தவை. பிள்ளை வாயில் ஊற்றிவிடாதீர்கள்.

வீட்டைவிட்டு நழுவிப்போகும் பிள்ளைகளும் உண்டு. பலருக்குத் தண்ணீரைக் கண்டால் ஆசை. நமக்கோ சுற்றிலும் ஓடை, பள்ளம், லோரி ஓடும் ரோடு. ஜாகா, மண்டோர், பேக்டரிக்காரர்கள், ஆயாக் கொட்டகை ஆயா எல்லோருக்கும் பிள்ளையின் முகத்தையும் பெயரையும் காட்டிவையுங்கள். காணவில்லை என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் தேடுங்கள், கூப்பிட்டால் பதில் சொல்லமாட்டான் என்பதை நினைவில் வைத்துத் தேடுங்கள்.

பெரியவர்களைப்பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ஒவ்வொரு தோட்டத்திலும் இப்படி ஒருவரையாவது பார்த்திருப்பீர்கள். மெஷினைக் கழற்றிப் பூட்டுவதில் கெட்டிக்காரர். பெரட்டில் யாரோடும் பேசமாட்டார். கிண்டலாகச் சொன்னால் அப்படியே நம்பிவிடுவார். வேலையைத் திடீரென்று மாற்றிப் போட்டால் சண்டைக்கு வருவார். "திமிர் பிடிச்சவன்" என்று பெயர். அவருக்கு ஆட்டிசம் இருக்கலாம், நாற்பது ஐம்பது வருஷமாக யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். டேமியன் மில்டன் என்ற இங்கிலாந்துக்காரர், தாமே ஆட்டிசமுள்ளவர், 2012-இல் ஒன்று எழுதினார். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்று சொல்கிறோமே, நமக்கு அவர்களைப் புரிகிறதா, கோளாறு இரண்டு பக்கமும் இருக்கிறது என்று. பிறகு காதோடு காதாகச் செய்தி கடத்தும் விளையாட்டை வைத்து எடின்பரோவில் பார்த்தார்கள். ஆட்டிசமுள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை மற்றவர்கள் வரிசைக்குச் சளைக்காமல் செய்தியைக் கடத்தியது. 2020-இல் வெளிவந்தது.

அப்படிப்பட்டவர் மனசு உடைந்து கவுன்சலிங்குக்குப் போனால், "உங்க மனசுல என்ன தோணுது, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் பதில் வராது. அவருக்கே தன் உள்ளே இருப்பதற்குப் பெயர் தெரியாமல் இருக்கலாம். "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினீங்க? சோறு சாப்பிட்டீங்களா? நெஞ்சு படபடன்னு அடிக்குதா?" என்று கேட்டால் சொல்வார். பேச முடியாவிட்டால் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். முகம் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம், நடந்துகொண்டே பேசலாம். அடுத்த சந்திப்பில் என்ன நடக்கும் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கி வரலாம். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் மறைக்கவேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆவது பிரிவை 2023-இல் நம் நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. போலீஸ் பயமில்லாமல் டாக்டரிடம் சொல்லலாம். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

காரியத்துக்கு வருவோம். பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் பதினெட்டாம் மாதத்திலும் மூன்று வயசிலும் ஆட்டிசத்துக்கான கேள்வித்தாள் இருக்கிறது. வெறுமனே எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று கோடு போட்டுவிடாதீர்கள், மிஸ்ஸியிடம் கேட்டுப் புரிந்து போடுங்கள். சந்தேகம் என்றால் கிளினிக் கெசிஹாத்தான் வழியாகத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து குழந்தை டாக்டரிடம் எழுதித் தருவார்கள். 'பெமுலிஹான் சாரா கெர்ஜா' என்று போர்டு பார்த்துவிட்டு "இவனுக்கு எதுக்குங்க வேலைப் பயிற்சி?" என்று ஒரு தாத்தா திரும்பியே வந்துவிட்டார். அது வேலைப் பயிற்சி அல்ல. சாப்பிட, உடுத்த, விளையாடக் கைகால் பழக்கும் தெராப்பிதான் அது.

டாக்டர் கையெழுத்துப் போட்டால் கெபாஜிக்கான் ஆபீசில் ஓ.கே.யூ. அட்டைக்கு மனுப் போடலாம். 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டப்படி பதிவு. ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா எல்லாம் 'கற்றல் குறைபாடு' என்ற பிரிவில் வரும். அட்டை வாங்கினால் பிள்ளை பெயர் கெட்டுவிடும், நாளைக்குக் கல்யாணம் ஆகாது என்று ஒளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அட்டை இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டண விலக்கு உண்டு, உதவித்தொகைக்கு மனுப் போடலாம். 1984-இல் திரங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவிய பி.டி.கே. நிலையங்களில் சேர்க்கவும் வழி கேட்கலாம். 2019 முதல் எந்தப் பிள்ளையையும் ஒதுக்கக்கூடாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குத்தான் இதெல்லாம் அடைபட்டுப் போகிறது. அந்தப் பெற்றோர்கள் தாமதிக்காமல் சங்கச் செயலாளரைப் பாருங்கள்.

தெராப்பிக்குப் போகிறவர்கள் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். போன தேதி, என்ன செய்தார்கள், அன்று ராத்திரி எப்படித் தூங்கினான், மறுநாள் சாப்பாடு. மூன்று நான்கு தடவை எழுதினால் போதும், எது ஒத்துவரவில்லை என்று அதிலேயே தெரிந்துவிடும். எழுத வராதவர்கள் வந்து சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன். ஊசி போடாத நாளாகப் பார்த்து, சாயந்திரம் கூட்டம் குறைந்த பிறகு வாருங்கள். பிள்ளையையும் கூட்டிவரலாம். அவனுக்குப் பிடித்த மூடியோ கயிறோ எதுவானாலும் கையில் இருக்கட்டும், பிடுங்கவேண்டாம்.